கொலையாளியைப் பிடித்த கைக்கு குக்கி ஏன் வரவில்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையல் குறிப்புகளோடு வரும் அமெரிக்கத் துப்பறியும் நாவல்களைப் பற்றி உங்கள் புத்தகப் பக்கத்தில் வாசகர்கள் எழுதிய கருத்துகளைப் படித்தேன். இரண்டு குறைகளைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். கொலையாளி யாரென்று தவித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் குக்கி (அமெரிக்க பிஸ்கட்) செய்முறை எதற்கு என்பது ஒன்று. ஆசையாகச் செய்து பார்த்தால் அப்பளமாய்ப் பரவிவிடுகிறது, இல்லையென்றால் கல்லாகிவிடுகிறது என்பது இன்னொன்று. முதல் குறையோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது உண்மை. ஆனால் அந்தப் பழியை நாவலாசிரியர் தலையில் சுமத்துவது நியாயமில்லை. அமெரிக்கக் கப்பும் டிகிரியும் நம் அடுப்படிக்கு வந்து சேரும் வழியில்தான் பெரும்பாலான கோளாறு நடக்கிறது.

இந்த வகை நாவலில் சமையல் ஒட்டுப்போட்ட சங்கதி இல்லை. ரெக்ஸ் ஸ்டௌட் 1938-இல் எழுதிய ‘டூ மெனி குக்ஸ்’ நாவலில் பேர்பெற்ற சமையல் வல்லுநர்கள் மேற்கு வர்ஜீனியாவில் ஓர் ஓய்வு விடுதியில் கூடுகிறார்கள். ஒரே சாஸை ஒன்பது கிண்ணங்களில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சேர்மானம் மட்டும் விடுபட்டிருக்கும். எதில் எது இல்லை என்று நாக்கால் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் போட்டிக்கிடையில்தான் கொலை விழுகிறது. சுவைத்தவர்கள் எழுதிக் கொடுத்த விடைகளே வழக்கில் சாட்சியமாகின்றன. பிறகு வர்ஜீனியா ரிச் (1982), டயான் மாட் டேவிட்சன் (1990), ஜோஆன் ஃப்ளூக் (2000) என்று வந்தவர்கள் சமையல் தெரிந்த பெண்ணையே துப்பறிபவராக்கினார்கள். ஃப்ளூக்கின் நாயகி ஹன்னா, மினசோட்டாவின் ஒரு கற்பனைச் சிற்றூரில் குக்கிக் கடை நடத்துபவள். அத்தியாயங்களுக்கு இடையே வரும் குறிப்புகளில் அவளே நம்மிடம் பேசுகிறாள், ‘இதை இப்படிச் செய், அதை மாற்றாதே’ என்று. அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிப்பவர் நாயகியின் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கிறார்.

சமையல் தெரிந்த வாசகருக்கு இன்னொரு வசதியும் உண்டு. அடுப்படி ஒரு கடிகாரம். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு 25 டிகிரி செல்சியஸில் இரட்டிப்பாக ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வடிவம் பிடித்து வைத்த பின் இன்னும் 30, 40 நிமிடம். வேக அரை மணி. மூன்றரைக்கு மாவு பிசைந்தேன், நாலரைக்கு ரொட்டியை வெளியே எடுத்தேன் என்று ஒரு கதாபாத்திரம் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். (சென்னையின் மே மாதத்தில் அதே மாவு பாதி நேரத்தில் பொங்கிவிடும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.)

இனி, செய்து பார்த்துத் தோற்றவர்களுக்கு. அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி. நம் கடைகளில் விற்கும் அளவுக் கப் 240 அல்லது 250. வீட்டு டம்ளர் 150-லிருந்து 250 வரை எதுவாகவும் இருக்கும். அதைவிடப் பெரிய வித்தியாசம் மாவை அள்ளும் விதத்தில் வருகிறது. கரண்டியால் மெல்ல இட்டு மேலே வழித்தெடுத்த ஒரு கப் மைதா 120 முதல் 125 கிராம். கப்பையே டப்பாவுக்குள் அமுக்கி அள்ளினால் 145, 150 வரை போகும். இரண்டேகால் கப் கேட்கும் குக்கியில் 60 கிராம் கூடிவிடுகிறது. குக்கி பரவாமல் உருண்டையாக நின்று, உள்ளே கேக் மாதிரி வறண்டு போவதற்கு முதல் காரணம் இதுதான். முந்நூறு, நானூறு ரூபாய்த் தராசு ஒன்று இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

வெண்ணெயை அந்த ஊரில் ‘ஸ்டிக்’ என்று எண்ணுவார்கள். ஒரு ஸ்டிக் 113 கிராம். இரண்டு ஸ்டிக் என்றால் 226. அங்கே பேக்கிங்குக்கு உப்பில்லாத வெண்ணெயே வழக்கம். நம் பாக்கெட் வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது. உப்பு 2 சதவீதம் என்று வைத்தாலும் 226 கிராமில் நாலரை கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. குறிப்பில் கேட்கும் ஒரு தேக்கரண்டித் தூளுப்பு 6 கிராம். இரண்டையும் போட்டால் கரிக்கும். பாக்கெட் வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம். வெண்ணெய்க்குப் பதில் அதே அளவு நெய் ஊற்றுபவர்களும் உண்டு. வெண்ணெயில் 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய்யில் தண்ணீரே கிடையாது. கணக்குப்படி 226 கிராம் வெண்ணெய்க்கு 180 கிராம் நெய்யும் 35 மில்லி பாலும். அப்படிச் செய்தாலும் நான்கட்டாய் போல மணல்மணலாக உதிரும் பண்பு கொஞ்சம் தங்கும்.

அப்பளமாய்ப் பரவுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் வெயில். வெண்ணெயும் சர்க்கரையும் குழைக்க 18, 20 டிகிரி வெண்ணெய் வேண்டும். அதாவது விரல் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், எண்ணெய் கசியக் கூடாது. சித்திரை மாதத்தில் மேடையில் அரை மணி வைத்தால் அது உருகியே விடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டிப் பத்து நிமிடம் விட்டால் போதும். பிசைந்த மாவைத் தட்டில் உருட்டி வைத்து மறுபடி 45 நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். முதல் ஈடு எடுத்த சூடான தட்டிலேயே இரண்டாவது ஈட்டை வைக்காதீர்கள். அடுப்புக்குள் போகுமுன்பே உருகத் தொடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பில் சொல் மாறுவதால் கெட்டுப்போவது இன்னும் அதிகம். ‘கார்ன்ஸ்டார்ச்’ என்பதைச் ‘சோள மாவு’ என்று எழுதினால் நம் வாசகர் வெள்ளைச் சோளத்தை அரைத்து வைத்துக்கொள்வார். கார்ன்ஸ்டார்ச்சோ மக்காச்சோளத்திலிருந்து எடுத்த வெறும் மாவுச்சத்து. நம் கடையில் ‘கார்ன்ஃப்ளவர்’ என்று கேட்டால் கிடைக்கும் வெள்ளைப் பொடி. அமெரிக்காவிலோ ‘கார்ன் ஃப்ளவர்’ என்றால் முழு மக்காச்சோளத்தை அரைத்த மாவு. பெயர் ஒன்று, பொருள் வேறு. ‘பட்டர்மில்க்’ என்பதை ‘மோர்’ என்று எழுதுவது அடுத்த வழுக்கல். அந்த ஊர்ப் பட்டர்மில்க் புளிக்கவைத்த, கெட்டியான பால். நம் நீர்மோரை ஊற்றினால் மாவு ஓடும், கேக் உப்பாது. கெட்டித் தயிர் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் அதற்கு நெருங்கி வரும். ‘ஹெவி கிரீம்’ 36 சதவீதக் கொழுப்பு கொண்டது. 25 சதவீத பாக்கெட் கிரீமை எத்தனை நேரம் அடித்தாலும் நிமிர்ந்து நிற்காது, கையைக் குறை சொல்லாதீர்கள்.

பேக்கிங் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றென்று எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பேக்கிங் சோடா என்பது ஆப்ப சோடா. அதற்குப் புளிப்பு துணை வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்புப் பொருளும் உள்ளேயே கலந்திருக்கிறது. அதனால் வீரியம் மூன்றில் ஒரு பங்குதான். பவுடர் கேட்ட இடத்தில் அதே அளவு சோடா போட்டால் சோப்பு வாடையும் பழுப்பேறிய நிறமும் வரும். குக்கிக் குறிப்புகளில் சோடா வருவதற்குக் காரணம் பிரவுன் சுகர். அதில் கலந்திருக்கும் கரும்புப் பாகு லேசான புளிப்பு. பிரவுன் சுகர் இல்லையென்று முழுவதும் வெள்ளைச் சர்க்கரை போட்டால் சோடாவுக்கு வேலை கிடைக்காமல் வாடை தங்கும், குக்கியும் மொறுமொறுப்பாகித் தட்டையாகும். நாட்டுச் சர்க்கரையைக் கட்டி உடைத்துச் சலித்துப் போட்டால் நன்றாகவே வரும். அதில் ஈரம் கூடுதல் என்பதால் ஒரு மேசைக்கரண்டி மைதா சேர்த்துக்கொள்ளலாம்.

முட்டையும் அப்படித்தான். அமெரிக்க ‘லார்ஜ்’ முட்டை ஓடு நீக்கி 50 கிராம். நம் முட்டை சிறிதாக இருந்தால் இரண்டுக்குப் பதில் மூன்றை உடைத்து அடித்து 100 கிராம் மட்டும் எடுங்கள்.

வெப்ப அளவு ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 350 என்றால் 177 செல்சியஸ், 375 என்றால் 190. ஃபாரன்ஹீட்டைக் குறிக்கும் எழுத்தைப் போடாமல் ‘350 டிகிரி’ என்று மட்டும் அச்சிட்டால் நம் ஓடிஜி மின்னடுப்பின் திருகு 250-இல் முடிந்துவிடுகிறது, வாசகர் அதைக் கடைசிவரை திருகிக் கருக்கிவிடுகிறார். விசிறி ஓடும் அடுப்பில் இன்னும் 15, 20 டிகிரி குறைக்க வேண்டும்.

டேவிட்சனின் நாயகி கோல்டி கொலராடோ மலையூரில் விருந்துச் சமையல் செய்பவள் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், கேக் வேகமாகப் பொங்கி நடுவில் இறங்கும். சமவெளிக் குறிப்பில் பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டிக்குக் கால் தேக்கரண்டி குறையுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள். ஒரு கப் பால் கேட்டால் மூன்று மேசைக்கரண்டி கூட்டுங்கள். சூட்டைப் பத்து டிகிரி செல்சியஸ் ஏற்றுங்கள்.

இந்த நாவல்களைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பகங்கள் கிராமும் செல்சியஸும் போட்டு, ஒரு தமிழ் அடுப்படியில் ஒருமுறையாவது செய்து பார்த்த பிறகு அச்சுக்கு அனுப்பட்டும். உங்கள் புத்தகப் பக்கத்தில் மதிப்புரை எழுதுபவர்களும் நாவலில் உள்ள ஒரு குறிப்பையாவது செய்து பார்த்து, எந்த வெண்ணெய், எந்தச் சர்க்கரை, எத்தனை டிகிரி, எப்படி வந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி