உலையில் போடும் முன் ஒரு பிடி

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் உலகப் பசி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2024-ல் உலகத்தில் ஏறக்குறைய 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்ற ஐ.நா. கணக்கைச் சொல்லிவிட்டு, மத அமைப்புகள் ஒரு நாள் சோறு போட்டுவிட்டுப் போய்விடும் என்று ஒரே வரியில் முடித்திருந்தார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. மீதிப் பாதியை யாராவது சொல்ல வேண்டும்.

நாங்கள் களியக்காவிளைப் பக்கம். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். 1956 வரை இந்தப் பகுதியும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிதான். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வருவது நின்றுபோனபோது இங்கே பட்ட பாட்டை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு இல்லையென்றால் நாங்கள் யாரும் இல்லை என்பாள். அந்த நாட்களிலும் அடுப்பங்கரை மூலையில் ஒரு மண்கலயம் இருந்தது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும், அரிசி இல்லாத நாளில் இரண்டு துண்டு உலர்ந்த மரச்சீனி. ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் போகும், அங்கிருந்து விதவைகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும். பிடியரிசி என்று பெயர். அம்மாவும் போட்டாள். நான் கல்யாணமான புதிதில் போட்டேன், அப்புறம் காஸ் அடுப்பும் குக்கரும் வந்த நாட்களில் எப்படியோ விட்டுப்போனது. விட்டது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

இது எங்கள் சபைக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. காஞ்சிப் பெரியவர் இதே பெயரில் பிடி அரிசித் திட்டம் என்று வீட்டுக்கு வீடு எடுத்துவைக்கச் சொன்னார். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக வேளைக்கு ஒரு பிடி ஒதுக்குகிறார்கள், அது இன்று வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் சேருகிறது. எங்கள் தெருமுனையில் இருக்கும் முஸ்லிம் வீடுகளில் பெருநாள் தொழுகைக்கு முன்பே, வீட்டில் பிறந்த குழந்தையையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஏழைகளுக்குப் பித்ரா என்ற தர்ம அரிசி கொடுத்துவிடுவார்கள். அய்யா வைகுண்டரின் நிழல் தாங்கல்கள் என்ற வழிபாட்டிடங்களில், ஒன்றாக உட்காரவே விடாத காலத்தில், எல்லாச் சாதியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். இதையெல்லாம் ஒரு நாள் சோறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய அமைப்புகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஞ்சம் என்று வந்தால் கப்பலில் கோதுமை கொண்டுபோக அவர்களால்தான் முடியும். ஆனால் சூடானில் நடந்ததைப் பாருங்கள். 2023-ல் போர் தொடங்கியதிலிருந்து அங்கே சாதாரண மக்களே தெருவுக்குத் தெரு பொதுச் சமையல் நடத்துகிறார்கள். சூஃபிகள் வழிப்போக்கருக்குச் சோறு போட்ட பழைய வழக்கத்தின் பெயரால் அதைத் தகாயா என்கிறார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான சமையற்கூடங்களில் அடுப்பு அணைந்தது. காத்தலிக் ரிலீஃப் சர்வீசஸ் போன்ற பெரிய திருச்சபை அமைப்பேகூட தன் வரவில் பாதியளவுக்கு அந்த அரசுப் பணத்தை நம்பியிருந்ததால் ஆட்களைக் குறைக்க வேண்டிவந்தது. எங்கோ ஓர் ஆட்சி மாறினால் இங்கே ஒரு குழந்தையின் கஞ்சி நிற்கும் என்றால், விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் எத்தனை பேர் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று கேட்க வேண்டாமா?

சோறு போடுவதோடு நின்றார்கள் என்பதும் எங்கள் ஊர்க்கதைக்குப் பொருந்தாது. 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனின் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமையாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். திருவிதாங்கூர் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-ல்தான். நூறு வருஷம் கழித்து ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் கிராமத்து ஏழைகளுக்குக் கோழி, தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். இன்று புவிசார் குறியீடு வாங்கியிருக்கும் மார்த்தாண்டம் தேனுக்கு அங்கேதான் தொடக்கம். என் அப்பா கடனுக்கு வாங்கிய 6 பெட்டியில் ஆரம்பித்தார், ரப்பர் தளிர்விடும் மாதங்களில் வந்த தேனில்தான் எனக்கும் தங்கைக்கும் பள்ளிக்கூடப் பணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து ஊரிலுள்ள கூடெல்லாம் அழிந்தபோது அப்பா காலிப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வருஷம் சபையிலிருந்து வந்த அரிசிதான் நாங்கள் தின்றது. அந்தப் பிடியரிசியை நாங்களும் சேர்ந்துதான் நிரப்பியிருந்தோம் என்பதால் வாங்கும்போது யாருக்கும் தலைகுனிவு இல்லை.

சரி, கட்டுரையாளர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். விளைச்சலைச் சபைக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில், போன முறை எங்கள் ஊரில் ஒரு வாழைக்குலை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போனது. மொத்தப் பணமும் சுற்றுச்சுவருக்குப் போய்விட்டது. ஆறு வீடு தள்ளி, ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஒரு பெண் கந்துவட்டிக்கு வாங்கிய பணத்தைக் கட்ட முடியாமல் தாலியை விற்றிருக்கிறாள், அதே பண்டிகையில் அவளும் எங்களோடு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பணத்தில் அவளைப் போன்றவர்களுக்கு உதவக் கூடாதா என்று சபைக் கூட்டத்தில் கேட்டேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் நாங்கள் 14 வீட்டுப் பெண்கள் மறுபடி கலயம் வைத்தோம். அரிசியை விற்ற பணத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு தேன்பெட்டி வாங்கினோம், மீதியைச் சேர்த்துவைக்கிறோம். அதில் ஒரு பங்கு நம் ஊர் எல்லையைத் தாண்டி, நம் மதத்தையும் தாண்டிப் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதலில் நம் ஊர்ப் பிள்ளைகள் என்கிறார்கள் மற்றவர்கள். இன்னும் முடிவாகவில்லை, வருகிற சனிக்கிழமை மறுபடி பேச உட்காருகிறோம். அன்று வாசித்துக்காட்ட உங்கள் கட்டுரையையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை