பொருள்: முதிய பூனைகளுக்கான உணவில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று இன்றுவரை சொல்லாதது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

இதற்கு முன் நான் பதிந்த புகார்கள் எல்லாம் உங்கள் கணினியில் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கின்றன. எதுவும் தீரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் நீலப் பையைப் பற்றித்தான் சொல்கிறேன். மூலையில் "புதிய செய்முறை" என்று மஞ்சள் பட்டை ஒட்டி வருகிறதே, அது. தயாரித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பூனை சொக்கிக்கு வயதாகிவிட்டது, சிறுநீரகம் பலவீனமாகியிருக்கிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறத் தொடங்கிவிட்டது, உணவில் அதைக் குறைக்க வேண்டும், இப்போது சாப்பிடுவதில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்டு வாருங்கள் என்றார் கால்நடை மருத்துவர். சமைத்தவரிடம் உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்பது போன்ற கேள்விதான் இது.

பையின் பின்புறம் "பாஸ்பரஸ் குறைந்தபட்சம் 0.5%" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே போகாது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. மேலே 0.6 இருக்கலாம், 1.6-உம் இருக்கலாம். சிறுநீரகம் கெட்ட பூனைக்குக் குறைந்தபட்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உண்மையான சராசரி அளவு வேண்டும் என்று உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகத்தான் கேட்டேன்.

அவர்களில் சனிக்கிழமை மதியம் பேசியவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. நான் பாதி சொல்லும்போதே குறுக்கிட்டு, "பூனைதானே மேடம் சாப்பிடுது, நீங்களா சாப்பிடப் போறீங்க?" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. அப்புறம் ஒரு யோசனை வேறு சொன்னார். "அவ்வளவு சந்தேகம்னா எங்க நாய் உணவையே குடுங்க, அதுல எல்லா விவரமும் போட்டிருக்கு."

செல்லப்பிராணி உணவு விற்கும் நிறுவனத்திலிருந்து பேசுகிறவர் சொன்னது இது! டாரின் என்ற சத்தை நாயின் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடம்பால் போதுமான அளவு முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். இதயத்துக்கு வரும் கேடு 1987-லேயே ஆய்வாளர்கள் கண்டுசொன்ன விஷயம். அதற்குப் பிறகுதான் பூனை உணவில் டாரினைக் கூட்டினார்கள். வைட்டமின் ஏ-யும் அப்படித்தான், காய்கறியில் இருக்கும் கரோட்டினை வைத்து நாய் சமாளித்துக்கொள்ளும், பூனையால் முடியாது. வீட்டில் நாயும் பூனையும் வளர்க்கிற எனக்குத் தெரிந்தது உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

சரி, தொலைபேசியில்தான் அப்படி, மின்னஞ்சலில் நிதானமாகப் பார்த்துச் சொல்வார்கள் என்று எழுதினேன். "விநியோகஸ்தரிடம் தொழில்நுட்ப அறிக்கை உள்ளது, நேரில் பெற்றுக்கொள்ளவும்" என்று பதில் வந்தது. அரை நாள் விடுப்பு போட்டு அந்தக் கிடங்கைத் தேடிப் போனேன். அங்கே இருந்தவர் பாவம், பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு மூட்டை எண்ணத்தாம்மா தெரியும், இதெல்லாம் கம்பெனிலதான் கேக்கணும்" என்றார். உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பேசியவர்களில் எனக்கு நேர்மையாகப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

திரும்பி வந்து மறுபடி எழுதினால், "எங்கள் ஈர உணவுப் பாக்கெட்டுக்கு மாறுங்கள், அதில் பாஸ்பரஸ் 0.25 சதவீதம்தான், உலர் உணவில் 0.9" என்று ஒருவர் எழுதினார். அந்த 0.9-ஐ எங்கிருந்து எடுத்தீர்கள், இந்தப் புதிய செய்முறைக்குத்தானா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அது போகட்டும். பாக்கெட்டில் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 0.25 என்பது 1.25 ஆகிறது. உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம்தான், அங்கே 0.9 என்பது 1.0. குறைவு என்று சொல்லி அதிகமாக இருப்பதை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறீர்கள். நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் கொடுத்திருந்தால் யார் பொறுப்பு?

இதற்கெல்லாம் முன்னால் நடந்தது ஒன்று. அந்த மஞ்சள் பட்டை வந்த முதல் பையிலேயே வாசனை மாறியிருந்தது. சொக்கி கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, தரையைப் பிறாண்டி மூடுவது போல் செய்துவிட்டுப் போய்விட்டாள். பழைய உணவோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்ற வேண்டும் என்று உங்கள் பையிலேயே போட்டிருக்கிறீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் செய்முறையை மாற்றினால் கலக்கப் பழைய உணவுக்கு எங்கே போவது? சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் கண்ணை மூடவில்லை. சொக்கியின் ஆயுளில் பாதியை உங்கள் மஞ்சள் பட்டை தின்றுவிட்டது.

"நீங்களா சாப்பிடப் போறீங்க?" அந்த உரையாடல் தரக் கண்காணிப்புக்காகப் பதிவாகிறது என்று உங்கள் இயந்திரக் குரல்தான் சொன்னது. எடுத்துக் கேளுங்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நான் கேட்பது நியாயமில்லாத ஒன்றல்ல. உணவை வடிவமைத்தது யார், கலோரி எவ்வளவு, ஒவ்வொரு சத்தின் உண்மையான அளவு என்ன என்றெல்லாம் தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்று உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கமே வளர்ப்பவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. தயவுசெய்து 100 கிலோகலோரிக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பரஸ் என்பதை, புதிய செய்முறைக்கு, ஆய்வகச் சோதனை அறிக்கையோடு எழுத்தில் அனுப்புங்கள். திறக்காத பைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். இந்த மாத முடிவுக்குள் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த நிலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் மட்டும் தயவுசெய்து யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் கொஞ்ச நாளைக்கு உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: பையின் முன்பக்கத்தில் "மருத்துவர்கள் பரிந்துரைப்பது" என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் மருத்துவரும் இதே கேள்வியை உங்களுக்கு எழுதிக் கேட்டார். அவருக்குத் தள்ளுபடிக் கூப்பன் வந்திருக்கிறது.