ஜெல் ஊசி போட்டுக்கலாமா, சேகர்?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைச்சுது. பேத்தி நடக்க ஆரம்பிச்சுட்டான்னு படிச்சதும் இங்க எல்லாருக்கும் சந்தோஷம். அவ பின்னாடி ஓட வேண்டிய தாத்தா முட்டி வீங்கி உட்கார்ந்துட்டியே, அதான் பேஜாரு. ஓசூர் டாக்டர் சொன்ன ஜெல் ஊசியைப் பத்திக் கேட்டிருந்த. நான் போன வருஷம் வலது முட்டியில போட்டுக்கிட்டேன். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய படிச்சேன். பி.டி. மாஸ்டருக்கு லீவு நாள்ல வேற என்ன வேலை?

முதல்ல ஊசி கதை. டாக்டர் மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி முட்டிக்குள்ள தேங்கியிருந்த நீரை உறிஞ்சி எடுத்தார். வெளிர் மஞ்சளா, தண்ணி மாதிரி சொட்டுச்சு. நல்ல மூட்டுல இருக்கிற நீர் ஊசி முனையில இருந்து நூலாட்டம் நீளும்னு சொல்லிக்கிட்டே காட்டினார். தேய்மானம் வந்த மூட்டுல அந்தக் கொழகொழப்பு போயிடுமாம். அப்புறம் ஜெல். எவ்வளவு கெட்டின்னா, அழுத்தி அழுத்தி அவர் கட்டைவிரல் நகமே வெளுத்துப் போச்சு. ராத்திரி முட்டி கனமா வீங்கிச்சு, ஐஸ் வச்சேன், ரெண்டு நாள் விசில் ஊதுறதோட சரி. வலி குறையுதுன்னு தோண ஒரு மாசம் போல ஆச்சு.

அந்தக் கொழகொழப்பைக் கொடுக்கிறதுதான் ஹயலூரோனிக் ஆசிட், ஊசியில ஏத்துற ஜெல்லும் அதேதான். நம்ம உடம்பே அதைச் சுரக்குது. 1934-ல கார்ல் மேயர், ஜான் பால்மர்னு ரெண்டு பேர் நியூயார்க்கில மாட்டுக் கண்ணுக்குள்ள இருக்கிற திரவத்துல இருந்து பிரிச்சு எடுத்தாங்க. பின்னால சேவல் கொண்டையில இருந்து மருந்தாவே எடுக்க ஆரம்பிச்சாங்க. இப்போ பாக்டீரியாவை வளர்த்தும் தயாரிக்கிறாங்க.

நம்ம பக்கம் இதை 'கிரீஸ் ஊசி'ன்னுதான் சொல்றாங்க. ஏத்தின ஜெல் சில நாள்லயே மூட்டை விட்டுப் போயிடும், கெட்டியா பிணைச்ச ரகம்னா சில வாரம் தாங்கும். நிவாரணம் கிடைக்கிறவங்களுக்கு மட்டும் அது மாசக்கணக்குல நிக்குது. அதனால வழவழப்பு மட்டும் காரணமா இருக்க முடியாது, மூட்டு உள்சவ்வோட அழற்சியைத் தணிக்குதுன்னும் ஒரு விளக்கம் இருக்கு. தேய்ஞ்ச குருத்தெலும்பை வளர வைக்கும்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடு.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். அமெரிக்காவுல 1997-ல இதுக்கு அனுமதி கொடுத்தாங்க, முட்டித் தேய்மான வலிக்கு மட்டும். 2022-ல பி.எம்.ஜே.ன்னு பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து எழுதினாங்க: வெறும் உப்புத் தண்ணி ஊசி போட்டவங்களை விட வலி குறையத்தான் செய்யுது, ஆனா அந்த வித்தியாசம் நோயாளிக்குப் பெருசா உறைக்காத அளவு. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமும் எல்லாருக்கும் வழக்கமா போடாதீங்கன்னுதான் சொல்லுது. எனக்குக் கிடைச்ச சுகத்துல ஊசிக்கு எவ்வளவு பங்கு, கூடவே செஞ்ச தொடைப் பயிற்சிக்கு எவ்வளவு பங்குன்னு கேட்டா, சத்தியமா பிரிச்சுச் சொல்ல முடியாதுடா. எனக்கென்னவோ பயிற்சிதான் காரணம்னு தோணுது.

என்னைக் கோபப்படுத்தினது வேற விஷயம். என்கிட்ட கால்பந்து ஆடுற பையன் ஒருத்தன், வியாசர்பாடி, பதினேழு வயசு, லெஃப்ட் விங்ல பறப்பான். குதிகாலுக்கு மேல தசைநாண்ல, அதான் தசையை எலும்போட பிணைக்கிற நாண்ல, வலி, காலையில எழுந்தா முதல் பத்தடி நொண்டல். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவரு. ஒரு கிளினிக்ல காலைத் தொட்டுக்கூட பார்க்காம மூணு ஜெல் ஊசி, ரொக்கமா கட்டுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. டென்னிஸ் எல்போங்கிற முழங்கை வலி, தோள்பட்டை, குதிகால்னு தசைநாண்களுக்கும் இதைப் போட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கு, சிலதுல பலனும் தெரிஞ்சிருக்கு. அதுக்காக அதையே முதல் வைத்தியமா ஆக்கறதா? அதுவும் கடன் வாங்கி?

அவனுக்கு நான் கொடுத்தது படிக்கட்டு. ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல எழுதின முறை. படி ஓரத்துல முன்பாதம் மட்டும் ஊன்றி, வலிக்கிற காலோட குதிகாலை மெதுவா கீழ இறக்கணும். மேல வர்றதுக்கு மட்டும் மத்தக் காலை உபயோகிக்கலாம். முட்டியை நீட்டி 15 தடவையா 3 சுற்று, மடக்கி 15 தடவையா 3 சுற்று, காலையும் சாயங்காலமும், 12 வாரம். ஹவுசிங் போர்டு மாடிப்படியில அவன் செய்யறதைக் குட்டிப் பசங்க வரிசையா நின்னு எண்றாங்க. இப்போ நொண்டல் இல்ல. ஸ்டீராய்டு ஊசி பக்கமே போகாதேன்னும் அவன் அப்பாகிட்ட சொல்லிட்டேன். தசைநாண்ல போட்டா அது வலுவிழந்து அறுந்துபோற ஆபத்து இருக்கு. பையன் பெரிய மேட்ச் ஆடப்போறவன், உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு (WADA) விதிப்படி 2022-லேர்ந்து போட்டி நேரத்துல ஸ்டீராய்டை எந்த வழியா ஊசி போட்டாலும் தப்பு. ஜெல்லுக்கு அந்தத் தடை இல்ல.

கால்பந்தே வேணாம், கேரம் ஆடுங்கன்னு என் பொண்டாட்டி பேச ஆரம்பிச்சிருக்கா. 2024-ல நம்ம ஏரியா கேரம் பொண்ணு காசிமா அமெரிக்கா போய் உலகப் போட்டியில மூணு தங்கம் அள்ளிட்டு வந்ததுலேர்ந்து இவளுக்கு அதே பேச்சு.

உன் விஷயத்துக்கு வர்றேன். முதல்ல நின்ன நிலையில ஒரு எக்ஸ்ரே எடு. தேய்மானம் முத்திப் போயிருந்தா ஊசிக்காசு வீண். ஆரம்ப கட்டம்னா பிசியோதெரபிஸ்ட்கிட்ட மூணு மாசம் ஒழுங்கா தொடைப் பயிற்சி செய், எடையைக் குறை, அப்பவும் படியேற முடியலைன்னா ஊசியை யோசிக்கலாம். போடறதுன்னா ரெண்டு விஷயத்தை டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லு: நீ சாப்பிடுற ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை, அப்புறம் உன் முட்டை அலர்ஜி. எங்க வீட்டுல ஆம்லெட் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போய் உங்கம்மா என்னைத் திட்டினது ஞாபகம் இருக்கா? சேவல் கொண்டையில எடுக்கிற ரகம் உனக்கு ஆகாது, பாக்டீரியா ரகமான்னு கேட்டுக்கோ.

எக்ஸ்ரேவை போட்டோ எடுத்து அனுப்பு. என் மச்சினன் பொண்ணு பிசியோதெரபி முடிச்சுட்டா, பயிற்சியெல்லாம் வீடியோ காலில சொல்லித் தர்றேன்னா. தங்கச்சிகிட்ட கேட்டதா சொல்லு.

உன்,
மணி
புது வண்ணாரப்பேட்டை