ட்ரெயிலர் ஆடினால் காற்றை மட்டும் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடைப் பயணம் பற்றிய உங்கள் பக்கத்தில் சாண்ட்பாங்ஸ், அல்கொங்குவின் என்று முகாம் போகும் இடங்களை எல்லாம் அழகாக எழுதியிருந்தீர்கள், என்ன சமைத்துக்கொண்டு போகலாம் என்பது வரைக்கும் இருந்தது. காருக்குப் பின்னால் ட்ரெயிலர் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் பலர் இப்போது அப்படித்தான் போகிறார்கள். முகாம் ட்ரெயிலர், படகு, மொன்றியலுக்கு வீடு மாறும்போது வாடகைக்கு எடுக்கும் பெட்டி ட்ரெயிலர், திருவிழாக்களில் கொத்துரொட்டி போடுகிறவர்களின் சமையல் ட்ரெயிலர்.

ஒன்ராறியோவில் சாதாரண ஜி லைசென்ஸ் இருந்தாலே 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம், தனிச் சோதனை ஒன்றும் கிடையாது. அதாவது வாழ்நாளில் ட்ரெயிலரைத் தொட்டே பார்க்காத ஒருவர் நாளைக்கே நாலரைத் தொன் பாரத்தைக் கட்டிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஏறலாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. சட்டம் மாறும் வரைக்கும் நாங்களாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் ட்ரெயிலர் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கினால் எல்லாரும் காற்றைத்தான் திட்டுவார்கள். காற்று முதல் தள்ளலைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆட்டம் தானாக அடங்குமா, பெருகிக்கொண்டே போய்க் காரையும் சேர்த்துப் புரட்டுமா என்பது பெரும்பாலும் நீங்கள் சாமான் ஏற்றிய விதத்திலும் ஓடும் வேகத்திலும் இருக்கிறது. ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு உடனே விளங்கும்: பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும், மாடு தடுமாறும். இங்கேயும் அதே கதை. ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அழுத்த வேண்டும், 1,000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ. ஆனால் கதவு பின்பக்கம் இருப்பதால் தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, விறகு, ஜெனரேட்டர் எல்லாம் கடைசியாக வந்து பின்னுக்கே குந்திவிடும். பாரமானவற்றை முதலில் ஏற்றி அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு வைத்துக் கட்டுங்கள், படுக்கையும் உடுப்பும் பின்னுக்குப் போகட்டும். சிறிய ட்ரெயிலர் என்றால் வீட்டில் எடை பார்க்கும் தராசிலேயே சோதிக்கலாம்: சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டை வைத்து, ட்ரெயிலரின் மூக்கைக் கொக்கி உயரத்தில் அதன்மேல் இறக்கினால் கணக்குத் தெரிந்துவிடும். காரின் கையேட்டையும் ஒருக்கால் திறந்து பாருங்கள், பல சிறிய எஸ்யூவிகள் இழுக்கக்கூடியது 680 கிலோதான்.

அடுத்தது வேகம். ஒவ்வொரு கார்-ட்ரெயிலர் சோடிக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும், அதைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். பாரம் பிழையாக இருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே வந்துவிடும். மணிக்கு 100, 110 கிலோமீற்றர் என்று பலகையில் போட்டிருப்பது ட்ரெயிலருக்கான அழைப்பு இல்லை, காற்று நாளில் வலது ஓரத் தடத்தில் 80இல் போங்கள், பின்னால் ஹோர்ன் அடிக்கிறவன் அடித்துக்கொள்ளட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது பக்கவாட்டில் தள்ளும் விசை நாலு மடங்காகும். ஒன்ராறியோவின் லண்டன் நகருக்கு மேற்கே 401, 402 நெடுஞ்சாலைகள் இரண்டும் வெட்டையான வயல் நடுவே போகின்றன, மறைப்பு ஒன்றும் இல்லை. பேர்லிங்டன் ஸ்கைவே என்ற உயரப் பாலத்தைப் பலத்த காற்று நாட்களில் மூடியே விடுகிறார்கள். பெரிய லொறி முந்தும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். சாமான் ஏற்றாத வெறும் பெட்டி ட்ரெயிலர் என்றால் பயமில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சுவர் அதே அளவு, எடைதான் குறைவு, அதனால் காற்றுக்கு அதைத் தள்ளுவது இன்னும் சுலபம்.

சரி, ஆடத் தொடங்கிவிட்டது, என்ன செய்வது? காஸிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, இறுக்கிப் பிடியுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிர்ப்பக்கம் திருப்பினால் உங்கள் கை எப்போதும் ஒரு கணம் பிந்தித்தான் வரும், ஆட்டம்தான் கூடும். கார் பிறேக்கை ஓங்கி மிதித்தால் பின்னாலிருக்கும் பாரம் காரை முட்டித் தள்ளும். ட்ரெயிலரில் மின்சார பிறேக் இருந்தால் (மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ என்றால் பிறேக் இருந்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம்) காரில் உங்களுக்கு முன்னால் உள்ள பிறேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கைப்பிடியால் ட்ரெயிலரை மட்டும் மெதுவாக பிறேக் பிடிக்க வைக்கலாம், அது பின்னால் இழுத்து நேராக்கும். அந்தக் கைப்பிடி எங்கே என்று ஆடும்போது தேட முடியாது, புறப்பட முன் தொட்டுப் பாருங்கள். "காஸைக் குடு, நேராயிடும்" என்று சொல்லும் அண்ணாமார் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். சில நேரம் நேராகும், ஆனால் அடுத்த காற்று அடிக்கும்போது நீங்கள் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

ஆட்டத்தைத் தடுக்கும் கம்பிகள் விற்கிறார்கள், புதிய கார்களில் தானாக பிறேக் பிடித்து அடக்கும் வசதியும் இருக்கிறது. நல்லவைதான், ஆனால் பிழையாக ஏற்றிய பாரத்தை அவை சரியாக்கா.

கனடா சுற்றுச்சூழல் திணைக்களம் இங்கே பொதுவாகக் காற்று மணிக்கு 70 கிலோமீற்றராகவோ திடீர் வீச்சு 90 ஆகவோ போகும் என்றால்தான் காற்று எச்சரிக்கை விடுகிறது. அது கூரைக்கும் மரத்துக்கும் உரிய அளவு. உயரமான ட்ரெயிலர் என்றால் வீச்சு 50 என்று சொன்னாலே நான் புறப்பட மாட்டேன். முகாமுக்குக் கட்டிய காசில் ஒரு இரவு வீணாகும், போகட்டும்.

அடுத்த கோடைப் பக்கத்தில் சாமானை எங்கே ஏற்றுவது என்று காட்டும் ஒரு படமாவது போடுங்கள் ஆசிரியரே. வாடகைக் கடைகளில் காப்புறுதியை விற்க ஐந்து நிமிடம் பேசுகிறார்கள், இதைச் சொல்ல யாரும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மார்க்கம்