வேதியியல் முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒருவருக்காகவே ஒதுக்கியிருக்கிறேன். நம்மில் பலருக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் இந்த ஆண்டு பணி ஓய்வு பெற்றார்.

இளநிலை மாணவர்களுக்கு ஆய்வு எதற்கு, பாடத்தை முடித்தால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. சார் உப்புப் பகுப்பாய்விலிருந்து, அதாவது கொடுத்த உப்பு எது என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் பயிற்சியிலிருந்து, பதில் சொல்லத் தொடங்குவார். கொடுத்த உப்பு என்னவென்று ஆசிரியரின் நோட்டில் முன்பே எழுதியிருக்கிறது. கை பழக அது வேண்டும்தான். ஆனால் பட்டம் வாங்குவதற்குள் ஒரு தடவையாவது, ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வியோடு மாணவர் மல்லுக்கட்ட வேண்டும் என்பார். அதற்காகவே சனிக்கிழமைகளில் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்.

நான் இரண்டாம் ஆண்டில் அங்கே போனேன். பென்சால்டிஹைடையும் அசிட்டோனையும் காரக் கரைசலில் சேர்த்து டைபென்சால் அசிட்டோன் என்ற மஞ்சள் சேர்மத்தைத் தயாரிக்கச் சொன்னார். மஞ்சள் படிகம் இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தூய பொருள் என்றால் ஓரிரு டிகிரிக்குள் உருகி முடிய வேண்டும். நுண்குழாயில் அடைத்து உருகுநிலை பார்த்தால், 103 டிகிரியிலேயே இளகி 108 வரை இழுத்தது. "உள்ளே வேற ஏதோ இருக்கும்மா, எத்தனால்ல கரைச்சு மறுபடி படிகமாக்கு" என்றார். மூன்றாம் தடவை 110-ல் தொடங்கி 111-ல் முடிந்தது. பழைய அளவுகளை நோட்டில் அடிக்கப் போனேன், தடுத்துவிட்டார். அதுவும் நடந்ததுதானே, இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு கேள்வியைக் கொடுத்தார்.

பிரிவு உபசாரக் கூட்டத்தில் தன்னைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரிப் பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட்டைப் பற்றிப் பேசினார். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்க வழியில்லாத காலம் அது. அந்தச் சிக்கலை ஜூவெட் வகுப்பிலேயே எடுத்துச் சொன்னார். மாணவர் சார்லஸ் மார்ட்டின் ஹால் அதைப் பிடித்துக்கொண்டார். ஹாலுக்கு ஆய்வகத்தில் இடம் கொடுத்து, கருவிகளையும் இரவல் தந்தவர் ஜூவெட். அலுமினியத்தின் ஆக்சைடான அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கினால், அதில் அலுமினா ஆயிரம் டிகிரி அளவிலேயே கரைந்துவிடும்; அந்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரிக்கப் பார்த்தார் ஹால். உருக்கப் பயன்பட்ட களிமண் மூசையிலிருந்து (சூடு தாங்கும் கலம்) சிலிக்கா கலந்து முதலில் கெடுத்தது. உள்ளே கார்பன் பூச்சு கொடுத்த பிறகு, 1886 பிப்ரவரி 23 அன்று அலுமினிய மணிகள் கிடைத்தன. ஹாலுக்கு வயது 22. பட்டம் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. வேதியியல் படித்த அவருடைய அக்கா ஜூலியாவும் கூட இருந்து உதவினார். ஜூலியாவின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்று சார் அழுத்திச் சொன்னார்.

மாணவரை ஆய்வில் வழிநடத்தும் நேரம் பல இடங்களில் ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் சேர்வதில்லை. இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிர்வாகத்துக்கு எழுதச் செயற்குழுவும் முடிவு செய்துள்ளது. கரைப்பான்கள் வாங்கத் தனி நிதியும் தொடங்கியுள்ளோம்.

ஆய்வகச் சாவி இப்போது இளைய ஆசிரியர் ஒருவரிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தொடர்ந்து வருவதாகச் சார் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் பக்கத்தில் நின்று உதவ முடிந்த உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்