தூண்டில்காரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தூண்டில் நண்பர்களே, அவர்களைக் குளக்கரைக்கு விடாமல் இன்று ஒரு நாளாவது இந்த மண்டபத்துக்கு இழுத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் நோக்கம் தூண்டில் கலையை வளர்ப்பது என்று விதிமுறையின் முதல் வரியிலேயே இருக்கிறது. இந்த ஆண்டு செயற்குழுவுக்கு வந்த மனுக்களை அடுக்கிப் பார்த்தால் மீனைப் பற்றியவை கொஞ்சம்தான். வீட்டைப் பற்றியவைதான் கட்டாக இருக்கின்றன. அறிக்கையும் அதே கணக்கில்தான் அமைந்திருக்கிறது. மீனைப் பற்றி மட்டும் கேட்க வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

உறுப்பினர் நிலை

புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் ஆண்டின் தொடக்கத்தில் "குடும்ப நலன் கருதி விலகுகிறேன்" என்று கடிதம் கொடுத்தார். செயற்குழு வருத்தத்துடன் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அவருடைய மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை அப்படியே பதிவு செய்கிறேன்: "உங்கள் சங்கத்திலிருந்து விலகிய நாள் முதல் இவர் ஞாயிறுதோறும் வீட்டிலேயே இருக்கிறார். அலமாரிகளை ஒழுங்குபடுத்துகிறார். வைத்த இடத்தில் எதுவும் இல்லை. எங்கள் குடும்ப நலன் கருதி இவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும்." சேர்த்துக்கொண்டோம். மறுசேர்க்கைக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதற்குக் கட்டணம் வாங்குவது முறையாக இருக்காது என்று தலைவர் கூறிவிட்டார்.

நழுவிய மீன் விவகாரம்

ஒவ்வோர் ஆண்டும் நழுவிய மீன்களே பெரிய மீன்களாக இருப்பது ஏன் என்ற கேள்வி சங்கம் தொடங்கிய காலத்திலிருந்தே நிலுவையில் இருக்கிறது. இந்த ஆண்டு அதற்குப் பாதி விடை கிடைத்தது. மாதக் கூட்டமொன்றில் ஓர் உறுப்பினர் தன்னுடைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தக்கை ஒரே மூச்சில் அமிழ்ந்ததாம், ராடு வளைந்ததாம், கரைக்கு ஒரு கை தூரத்தில் கெண்டை தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டதாம். "போன மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தேனே ஒரு கிலோ கெண்டை, அதைப்போல இரண்டு மடங்கு நீளம். எப்படியும் இரண்டு கிலோ இருக்கும்" என்றார்.

பின்வரிசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் தலையைத் தூக்கினாள். ஒரே இன மீன் நீளத்தில் வளரும்போது அகலத்திலும் பருமனிலும் கூடவே வளர்கிறது. அதனால் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறத்தாழ எட்டு மடங்காகும். இரண்டு கிலோதான் என்றால் நீளம் கால்பங்குக்குச் சற்றுமேல்தான் கூடியிருக்கும். இதையெல்லாம் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "அப்பா, நீங்கள் நீளத்தில் கூட்டிச் சொன்னீர்களா, எடையில் குறைத்துச் சொன்னீர்களா?"

எடையில் குறைத்துச் சொல்லும் தூண்டில்காரர் இதுவரை பிறக்கவில்லை என்பதால் கூட்டம் விடையை ஊகித்துக்கொண்டது. தண்ணீருக்குள் பார்த்தபோது பெரிதாகத் தெரிந்தது என்று அவர் வாதாடிப் பார்த்தார். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் மீன் உண்மையான ஆழத்தைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும். ஆகவே சற்றுப் பெரிதாகவும் தெரியும். அதுவரைக்கும் அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நேர்மேலே நின்று பார்க்கும்போது அந்தக் கூடுதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மீதி அவர் சொந்த உழைப்பு.

அன்று நிறைவேறிய தீர்மானம்: அளவுப் பலகையில் கிடத்தப்படாத மீனின் நீளம் சங்கப் பதிவேட்டில் ஏறாது. கையை முன்னால் நீட்டி மீனைக் கேமராவுக்கு அருகில் பிடித்து எடுக்கும் புகைப்படங்களும் சான்றாகக் கொள்ளப்பட மாட்டா. தீர்மானத்தின்மீது நடந்த வாக்கெடுப்பில் குடும்பத்தார் ஒருமனதாக ஆதரித்தார்கள். உறுப்பினர்களில் சிலர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார்கள்.

குடும்ப நாள்

இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி இதுதான். மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர், அக்கா, தங்கை என எல்லாரையும் கரைக்கு அழைத்து வர வேண்டும் என்பது தலைவரின் யோசனை. அழைத்து வந்ததும் அவர்களைப் பார்த்து "பேசாதீர்கள், மீன் ஓடிவிடும்" என்று அதட்டியதும் அவரேதான்.

கரை முழுக்க அரை மணி நேரம் மயான அமைதி. ஒரு தக்கைகூட அசையவில்லை. அப்போதுதான் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் வாய் திறந்தார். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் சுமார் 340 மீட்டர்தான். அவ்வளவு வேகம் இருந்தும் நாம் கரையில் பேசும் பேச்சு மீனை எட்டுவது அரிது. காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. மாறாக, தரையில் தொம்தொம் என்று நடந்தால் அந்த அதிர்வு மண் வழியாக நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. மீனின் உடலில் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற புலனுறுப்பு நீரின் சிறு அசைவையும் உணரக்கூடியது. சுருக்கமாகச் சொன்னால், கரையில் பேச்சுக் கச்சேரி நடத்தலாம், நடைப்பயிற்சிதான் கூடாது.

அன்று கரையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவர் பெயரைச் சொல்வது சங்க மரபு அல்ல. பதவியையும் சொல்லப் போவதில்லை. அவருடைய மனைவி மட்டும் எழுந்து நின்று, "இத்தனை ஆண்டுகளாக என் வாயை அடைத்தாரே, அதற்குச் சங்கம் என்ன நிவாரணம் தரும்?" என்று கேட்டார். செயற்குழு அந்தக் கேள்வியைத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறது. தலைவர் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்.

தடை நீங்கியதும் கரை கலகலப்பானது. அன்றைய முடிச்சுப் போட்டியைப் பற்றி நம் பொருளாளர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எழுதாமல் இருக்க முடியவில்லை. போட்டி எளிமையானது. தூண்டிலின் நைலான் இழையான நரம்பை முள்ளின் கண்ணுக்குள் விட்டு, நுனியைத் தாய் நரம்பின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணை ஒட்டி இருக்கும் சிறு வளையத்துக்குள் நுனியை நுழைத்து இறுக்க வேண்டும். பிறகு முள்ளை வில் தராசில் மாட்டி நரம்பை இழுப்போம். யாருடைய முடிச்சு அதிக எடையைத் தாங்குகிறதோ அவருக்கு வெற்றி. கண்ணை மூடிக்கொண்டே போடுவேன் என்று சொன்ன பொருளாளர் சொன்னபடியே போட்டார். நரம்பு முதல் இழுப்பிலேயே அறுந்தது.

வென்றவர் அவருடைய அக்கா. அன்றுவரை தூண்டிலைத் தொட்டதில்லை. வளையத்துக்குள் நுனியைக் கொடுத்ததும் முடிச்சை வாயில் வைத்து எச்சிலால் ஈரமாக்கினார். ஒரு கையால் முள்ளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் நரம்பை மெல்ல மெல்ல இழுத்தார். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் போய் உட்கார்ந்தன. நைலான் நரம்பை உலர்ந்தபடி வெடுக்கென்று இறுக்கினால் உராய்வில் சூடேறி அந்த இடத்தில் வலுவிழந்துவிடும்; ஈரப்படுத்தினால் வழுக்கிக்கொண்டு இறுகும். நம்மில் பலருக்கு இது தெரியும். தெரிந்தும் யாரும் செய்வதில்லை. "தம்பி, அவசரத்தில் போட்ட முடிச்சு நிற்காது" என்று சொல்லிப் பரிசை வாங்கிக்கொண்டார் அக்கா. நாத்தனார் தூண்டிலைப் பற்றித்தான் சொன்னார் என்று நம்பப் பொருளாளரின் மனைவி இன்றுவரை தயாராக இல்லை. இந்த விஷயத்தில் சங்கம் தலையிடாது.

புகார்கள்

மண்புழுப் பெட்டி குறித்து வந்த புகார்களில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. ஆகவே குளிர்ச்சியும் ஈரமும் காற்றும் வேண்டும் என்று எண்ணி ஓர் உறுப்பினர் பெட்டியின் மூடியில் தாராளமாகத் துளை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துவிட்டார். காற்று போகும் துளை வழியே புழுவும் போகும். காலையில் கதவைத் திறந்தவர் அவருடைய மாமியார். சத்தம் போடவில்லை. கதவை மூடிவிட்டு, "அவை இருக்கட்டும் மாப்பிள்ளை, நான்தான் ஊருக்குப் புறப்படுகிறேன்" என்றாராம். இனி புழுப் பெட்டி வீட்டுக்கு வெளியே, நிழலில், ஈரமண்ணும் ஈரத்துணியுமாக இருக்க வேண்டும் என்று செயற்குழு அறிவுறுத்துகிறது. மாமியார் திரும்பி வந்துவிட்டார். அது நல்ல செய்தியா என்று உறுப்பினர் தெரிவிக்கவில்லை.

அதிகாலைப் பயணம் பற்றிய மனுவும் வந்தது. விடியுமுன் போனால்தான் மீன் கொத்தும் என்று சொல்லி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் காணாமல்போகும் பெற்றோரைக் குறித்தது அது. வெளிச்சம் குறைவான வேளையில் மீன் துணிந்து கரையோரம் வரும் என்பது உண்மைதான். ஆனால் செடிகொடி அடர்ந்த குளங்களில் வெப்பக் காலத்தில் நிலைமை வேறு. இரவெல்லாம் நீர்த்தாவரங்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியும் வேளையில்தான் அது மிகக் குறைந்து நிற்கிறது. மீன் சோர்ந்து கிடக்கும். வெயில் ஏறித் தாவரங்கள் ஆக்சிஜனை வெளிவிடத் தொடங்கிய பிறகுதான் சுறுசுறுப்பாகும். அதாவது, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனாலும் பெரிய நட்டம் இல்லை. இந்தத் தகவலைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டாம் என்று செயற்குழுவில் சிலர் மன்றாடினார்கள். மனு கொடுத்தவர்களும் இங்கே அமர்ந்திருப்பதால் வாசித்துவிட்டேன்.

விரால் தீர்மானம்

சிரிப்பில்லாமல் நடந்த விவாதம் இது ஒன்றுதான். விராலில் தாயும் தகப்பனும் குஞ்சுகளைக் காவல் காக்கின்றன. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேற்பரப்பில் கொதிப்பதுபோல அலைந்துகொண்டிருக்கும். பெரியவை அதன் அடியிலேயே சுற்றி வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே எதைப் போட்டாலும் அவை பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, குஞ்சுக்கு ஆபத்து என்று எண்ணித்தான் கவ்வுகின்றன. நம் உறுப்பினர்கள் சிலருக்கு இது சுலபமான வேட்டையாக இருந்து வந்தது. பெற்றவற்றைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குஞ்சோடு இருக்கும் விராலுக்குத் தூண்டில் போடுவதில்லை என்ற தீர்மானத்தை இளைய உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தார். காலம் காலமாகச் செய்துவந்ததை ஏன் நிறுத்த வேண்டும் என்று மூத்தவர்கள் கேட்டார்கள். குரல்கள் உயர்ந்தன.

அப்போது, வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததால் மாதக்கணக்கில் கரைப்பக்கமே தலைகாட்டாத உறுப்பினர் அனுப்பியிருந்த கடிதத்தை வாசித்தேன். ஒரே வரிதான்: "இரவெல்லாம் தூங்காமல் காவல் நிற்கும் ஒரு தகப்பனைத் தொந்தரவு செய்யாதீர்கள்." தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. எதிர்த்துப் பேசிய மூத்தவர்களில் ஒருவர் கூட்டம் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய், ஒரு மாலை முழுவதும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி. தகப்பன் அந்த மாலையில் குளத்துக்குப் போகவில்லை, தூங்கினாராம்.

கரைத் துப்புரவு

பிள்ளைகள்தான் செய்தார்கள்; பெரியவர்கள் மேற்பார்வை பார்த்தோம். அறுந்த நரம்புத் துண்டுகள் நாரையின் காலில் சுற்றிக்கொண்டால் அதனால் பறக்க முடியாது. ஆகவே அறுந்த நரம்பை வெட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முள் தண்ணீரில் இறங்குவதற்காக நரம்பில் கட்டும் ஈயக்குண்டைப் பற்றியும் பேசினோம். நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று நினைத்து அதை விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 1987இல் பெரும்பாலான தூண்டில் ஈயக்குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. எஃகுக் குண்டுக்கு மாறச் சங்கம் கேட்டுக்கொள்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் மாறுகிறேன் என்பவர்கள், கையிருப்பு எவ்வளவு என்பதை வீட்டாரின் கையொப்பத்துடன் தெரிவிக்கவும்.

வரவு செலவு

பொருளாளர் தனியே வாசிப்பார். அவருடைய அக்கா தணிக்கை செய்திருக்கிறார்.

நன்றியும் அறிவிப்புகளும்

அளவுப் பலகைக்கு வண்ணம் தீட்டிய பிள்ளைகளுக்கும், ஆண்டு முழுவதும் வெறுங்கையோடு வந்தவர்களிடம் "எத்தனை மீன்?" என்று கேட்காமல் கதவைத் திறந்த குடும்பத்தாருக்கும் சங்கத்தின் நன்றி. குடும்ப நாளில் இரவல் போன வில் தராசு இன்னும் திரும்பவில்லை. எடுத்துச் சென்றவர் பெயர் சொல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலும் வாசலிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது.

வரும் ஆண்டுக்கான நிர்வாகிகள் தேர்தலில் செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை. கூட்டம் முடியும்வரை மனுக்கள் பெறப்படும். நிரப்பப்படாத படிவங்கள் முன்வரிசையில் என் மனைவியிடம் கிடைக்கும். அவற்றில் சிலவற்றில் உங்கள் பெயரை அவர் ஏற்கெனவே எழுதியும் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்