கடைத்தெரு முதலாளிகளுக்கு: எங்கள் ஐசி (அடையாள அட்டை) எண் உங்களுக்கு எதற்கு?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், முதலாளிகள் எல்லாருக்கும் வணக்கம்.

சண்டைக்கு வரவில்லை. எங்கள் பாட்டி கடைத்தெரு என்று சொன்ன மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பக்கத்துப் பினாங்கு ஸ்திரீட்டிலும்தான் எங்கள் வீட்டுத் தீபாவளித் துணியும் தாலிக்கொடியும் மூன்று தலைமுறையாக வாங்குகிறோம். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்து வாங்குகிற அந்த உரிமையில் கேட்கிறேன்.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அம்மாவோடு ஒரு துணிக்கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஒரே ஒரு சேலை, 86 வெள்ளி (ரிங்கிட்). கல்லாவில் இருந்த பெண் தலை நிமிராமலே, "மெம்பர் ஆனா அஞ்சு பர்சன்ட் கழிவு ஆண்ட்டி, ஐசி நம்பர் சொல்லுங்க" என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்க, அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வது போல அம்மா பன்னிரண்டு இலக்கத்தையும் சத்தமாக ஒப்பித்தார், அப்புறம் கைப்பேசி எண், அப்புறம் வீட்டு முகவரி. கழித்தது 4 வெள்ளி 30 காசு.

அந்தப் பன்னிரண்டு இலக்கம் சும்மா எண் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இதைச் சாகும்வரை மாற்ற முடியாது. ஒரு சேலைக்கு இதெல்லாம் தேவையா?

மூன்றாவது நாள் அம்மாவை வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். கேட்கவில்லை, சேர்த்துவிட்டார்கள். அதில் இருநூறு பேருக்கு மேல், எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. நாலு நாளில் அந்தக் குழுவிலிருந்த யாரோ அம்மாவுக்குத் தனியாக நகைச் சேமிப்புத் திட்டம் விற்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு, "உங்கள் பெயரில் பார்சல் ஒன்று சுங்கத்தில் மாட்டியிருக்கிறது" என்று ஒரு அழைப்பு, அம்மாவின் முழுப் பெயரைச் சொல்லி. அம்மாவின் விவரம் உங்கள் தெருவிலிருந்துதான் போனது என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் முடியாது. 2017இலேயே நம் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசிக் கணக்குகளின் விவரம் வெளியே கசிந்ததே, அதிலிருந்தும் இருக்கலாம். எங்கிருந்து போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை பாருங்கள், என் ஆத்திரமே அதுதான்.

சின்ன வயதில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு மளிகைக் கடை இருந்தது. மாதக் கணக்கு. முதலாளி ஒரு 555 நோட்டில் எழுதி வைப்பார், உள்ளங்கை அளவு, மூலை எல்லாம் எண்ணெய்க் கறை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை போனது எங்கள் சொந்தக்காரர்களுக்கு முன்பே அவருக்குத்தான் தெரிந்தது, ஏனென்றால் அந்த மாதம் நாங்கள் மைலோ வாங்கவில்லை. அவர் வாய் சும்மா இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை எங்கள் பாக்கியைப் பக்கத்து வீட்டாரிடம் உளறிவிட்டார், அம்மா நேராகப் போய் நாலு கேள்வி கேட்டார், மனிதர் ஒரு வாரம் தலை நிமிரவில்லை. நோட்டு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கடனை அடைத்ததும் எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போடுவார். உங்கள் மெம்பர் பட்டியல் எங்கே இருக்கிறது? கடைக் கணினியிலா, செயலி செய்து கொடுத்தவரிடமா, தீபாவளியோடு வேலையை விட்டுப் போன பெண்ணின் கைப்பேசியிலா? முதலாளி, உங்களுக்கே தெரியுமா?

சட்டம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2010இல் போட்டது, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வியாபாரத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்கு, தேவைக்கு மேல் வாங்காதே, வேலை முடிந்தால் அழித்துவிடு என்பது முதலிலிருந்தே அதில் இருக்கிறது. சின்னக் கடைக்கு ஒரு விதி, பெரிய கடைக்கு ஒரு விதி என்று இதில் கிடையாது. 2024இல் திருத்தி, 2025 ஏப்ரலிலிருந்து இந்த விதிகளை மீறினால் அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வரை, சிறை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டு வரை என்று கூட்டிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூனிலிருந்து, கணிசமான கேடு வரக்கூடிய அளவுக்குத் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும், அதிலிருந்து 7 நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களிடமும் சொல்ல வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்றே தெரியாதவர் கசிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பார்? (அரசாங்கத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. அது வேறு கதை, வேறு மடல்.)

சிலர் ஒரு சாக்கு வைத்திருக்கிறீர்கள். "இ-இன்வாய்ஸ் வந்துவிட்டது, வருமான வரி வாரியம் கேட்கிறது, ஐசி எண் கொடுத்தே ஆக வேண்டும்." இ-இன்வாய்ஸ் என்பது வரி வாரியத்துக்கு இணையம் வழி போகும் ரசீது. 86 வெள்ளிச் சேலைக்கு அப்படி இல்லை. வாங்குகிறவர் இ-இன்வாய்ஸ் கேட்காவிட்டால் சாதாரண ரசீது கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி அனுப்பலாம். உங்கள் கணக்கரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாமல் சொன்னால் பரவாயில்லை, தெரிந்தே சொன்னால் அது பொய்.

இன்னொன்று. தரவு வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் கொடு என்று சொல்லவில்லை. ஆனால் கொடுக்காதே என்றும் சொல்லவில்லையே! வாசலில் "தீபாவளி அதிரடிக் கழிவு" என்று ஆளுயரத்துக்குத் தமிழில் எழுதத் தெரிந்த கடைக்கு, கல்லாப் பக்கத்தில் "உங்கள் எண்ணை இதற்காக வாங்குகிறோம், யாருக்கும் தர மாட்டோம், வேண்டாம் என்றால் சொல்லுங்கள்" என்று நாலு வரி எழுத முடியாதா? அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும். அன்று கல்லாவில் நீட்டிய ஆங்கிலத் தாளில் அவர் போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வேலையை நாங்கள் செய்துவிட்டோம். விளம்பரத்துக்கு என் தரவைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்டால் நிறுத்த வேண்டும் என்று சட்டத்தின் 43வது பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு அம்மாவின் பெயரில் மலாயில் ஒரு பக்கம், அதன் கீழே தமிழில் ஒரு பக்கம் எழுதி, அந்தக் கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

பொங்கல் சேலைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும் என்கிறார் அம்மா. அங்கேதான் சுங்கடி நன்றாக இருக்குமாம். கூட்டிக்கொண்டு வருகிறேன். முழு விலையும் கொடுக்கிறோம், எண் கேட்காமல் பில் போடுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து வரும் உங்கள் பழைய வாடிக்கையாளர்